வீல் ஆர்ச்சுக்கு மூன்று பூச்சு: இரண்டு வருடம் கழித்து லைனரைக் கழற்றிப் பார்த்தேன்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரமாகப் படிப்பவர்களுக்கு அது போதும். துரு பிடிக்காமல் இருக்க ரப்பர் கோட்டிங், மெழுகுப் பூச்சு, லானோலின் (ஆட்டு ரோமக் கொழுப்பு) ஸ்ப்ரே மூன்றையும் ஒரே காரின் வெவ்வேறு வீல் ஆர்ச்சில், அதாவது சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் பகுதியின் உள்பக்கத்தில், அடித்து இரண்டு வருடம் ஓட்டினேன். மொத்தத்தில் எனக்குப் பிடித்தது மெழுகுதான். மடிப்புகளுக்குள் மட்டும் லானோலின் அதைவிட நன்றாக வேலை செய்கிறது. ரப்பரை இனிமேல் வாங்க மாட்டேன். ஆனால் மூன்றில் எதை எடுத்தாலும் சரி, அடிப்பதற்கு முன்னால் உள்ளே அடைந்திருக்கும் மண்ணை ஒட்ட எடுக்கவில்லை என்றால் போட்ட காசு தண்டம். அதனால் இதில் பாதி, சுத்தம் செய்வதைப் பற்றித்தான் இருக்கும்.

இவ்வளவு மெனக்கெட்டதற்குக் காரணம் இருக்கிறது. கார் வாங்கிய மூன்றாம் வருடம் ஒரு பட்டறையில் நாலு வீல் ஆர்ச்சுக்கும் ரப்பர் கோட்டிங் அடித்துக் கொடுத்தார்கள். கன்னங்கரேலென்று, கெட்டியாக, பார்க்கவே நிம்மதியாக இருந்தது. இனி அந்தப் பக்கம் கவலை இல்லை என்று அடுத்த மூன்று வருடம் லைனரை, அதாவது ஆர்ச்சுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பை, தொடவே இல்லை. ஆறாவது வருடம் முன் இடது மட்கார்டின் விளிம்பில் பெயிண்ட் உப்பியிருந்தது, கொசு கடித்த தடிப்பு அளவுக்குத்தான். சக்கரத்தைக் கழற்றி, உள்பக்கம் திருப்புளி முனையால் கோட்டிங்கை லேசாக நெம்பினேன். உள்ளங்கை அகலத்துக்கு, மரப்பட்டை உரிவது போலக் கழன்று வந்தது. அதன் பின்பக்கத்தில் மண் அப்படியே ஒட்டியிருந்தது. மண்ணைக் கழுவாமல் அதன் மேலேயே அடித்திருக்கிறார்கள்! அடியில் இருந்த இரும்பு செங்கல் நிறத்தில், ஈரமாக, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தது. மழை விட்டு நாலைந்து நாள் ஆகியிருந்தது, வெளியே எல்லாம் காய்ந்து கிடந்தது, அந்தக் கோட்டிங்குக்கு அடியில் மட்டும் ஈரம் போகவே இல்லை.

அதை வைத்துத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. தொழிற்சாலையில் பாடி முழுவதையும் பிரைமர் தொட்டியில் முக்கி, மின்சாரம் பாய்ச்சி ஒரு படலம் ஏற்றித்தான் அனுப்புகிறார்கள், பல கார்களில் ஆர்ச்சுக்குள் அதற்கு மேல் பிவிசி பூச்சும் இருக்கும். அது நல்ல பாதுகாப்புதான். ஆனால் டயர் கிளப்பும் சரளை வருடக்கணக்கில் அடித்துக்கொண்டே இருக்கிறது, ஊசிமுனை அளவுக்கு ஓர் இடம் பெயர்ந்தால் போதும். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் காற்றும் இருந்தால் சரி, உப்பும் சேர்ந்தால் இன்னும் வேகம். கடலோரத்தில் ஓடும் கார்களும், பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் ஊர்களில் ஓடும் கார்களும் சீக்கிரம் அரித்துப்போவது இதனால்தான். துரு, அது தின்ற இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், அதனால்தான் மேலே இருக்கும் பெயிண்ட் உப்புகிறது. வெளியே உப்பல் தெரிகிறது என்றால் உள்ளே வேலை எப்போதோ ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

சரி, சோதனைக்கு வருகிறேன். பழைய கோட்டிங்கைச் சுரண்டி எடுத்து, நாலையும் வெறும் உலோகமும் பழைய பிரைமருமாகக் கொண்டுவர இரண்டு வார இறுதிகள் ஆயின. முன் இடதில் துருவைச் சரிசெய்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, அதற்கு மேல் மறுபடியும் ரப்பரையே போட்டேன். ஒழுங்காகச் செய்தால் அது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். பின் இடதுக்கு மெழுகு. பின் வலதுக்கு லானோலின். முன் வலதில் எதுவும் அடிக்கவில்லை, தொழிற்சாலைப் பூச்சு அங்கே நன்றாகவே இருந்தது, மாதம் ஒரு முறை கழுவுவது மட்டும்தான். முன்னால் அடிக்கும் சேறும் பின்னால் அடிக்கும் சேறும் ஒன்றல்ல, ஒரு காரை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் ஒரே சாலை, ஒரே மழை, ஒரே ஆள் செய்த வேலை என்பதால் ஓரளவு ஒப்பிடலாம்.

இப்போது சுத்தம். சக்கரத்தைக் கழற்றாமல் செய்யும் கழுவல் வாராந்திரத்துக்குப் போதும், பூச்சு அடிக்கப் போகிறீர்கள் என்றால் கழற்றியே ஆக வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வண்டி தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிட்டு, அப்புறம் ஜாக்கி போட்டுத் தூக்கி, வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டை அடியில் வைத்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நொடி கூட வேண்டாம். பிரேக் சூடாக இருக்கும்போதும் ஆரம்பிக்காதீர்கள், அடிக்கிற ரசாயனம் எல்லாம் அப்படியே காய்ந்து கறையாகிவிடும்.

லைனர் என்பது ஆர்ச்சுக்குள் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மறைப்பு. சில ஸ்க்ரூ, நிறைய கிளிப். கிளிப்பின் நடுக் குமிழைத் தட்டையான கருவியால் மெல்ல மேலே தூக்கிவிட்டுத்தான் முழுசாக இழுக்க வேண்டும், நேரே பிடுங்கினால் உடையும். பழைய காரில் எவ்வளவு பதமாகச் செய்தாலும் இரண்டு மூன்று உடைந்தே தீரும், மாற்றுக் கிளிப் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லைனர் வெளியே வந்ததும் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. ஆர்ச்சின் விளிம்பு உள்பக்கமாக மடிந்து ஒரு சின்னத் திண்ணை மாதிரி நிற்கும். அதன் மேல் விரலை வைத்து ஓர் ஓரத்திலிருந்து இழுத்துக்கொண்டே வந்தேன். மண் கயிறு மாதிரி நீளமாக வந்தது, அந்த மடிப்பின் வடிவத்திலேயே, ஒரு முழத்துக்குக் குறையாமல். உடைத்துப் பார்த்தால் மேலே காய்ந்த தூசி, நடுவில் மக்கிய இலை, அடியில் இரும்போடு ஒட்டியிருந்த பக்கம் குளிர்ந்த ஈரம். அவ்வளவுதான் கதை. தண்ணீர் பட்டால் உடனே வடிந்துவிடும் வெற்று இரும்புக்கு ஆபத்து குறைவு, இந்தக் கயிறு அதன் மேல் ஈரத்துணி மாதிரி நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் கொல்கிறது.

இன்னோர் இடம் மட்கார்டு போய்க் கதவுக்குக் கீழே இருக்கும் சில்லில் சேரும் அடிமூலை. முன் ஆர்ச்சின் பின்பக்கம், லைனருக்குப் பின்னால். அங்கே இரண்டு கைப்பிடி மண் எடுத்தேன். சில்லின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும், கேபிள் டை ஒன்றை உள்ளே விட்டு அசைத்ததும் செம்பழுப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட வடிந்தது, கொஞ்ச நேரம் நிற்கவே இல்லை. அதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. பழைய ரப்பர் கோட்டிங் அந்த ஓட்டையை மூடியிருந்தது.

கழுவும் முறையில் நான் கற்றுக்கொண்டது, அவசரமாகத் தண்ணீர் அடிக்கக் கூடாது என்பது. முதலில் கையால் இலையையும் கட்டிகளையும் எடுத்துவிட வேண்டும். அப்புறம் சாதாரணக் குழாய் தண்ணீரால் நனைத்துவிட்டுப் பத்து நிமிடம் விடுங்கள், மறுபடி நனையுங்கள். களிமண் ஊறினால் தானாகவே வழுக்கிக்கொண்டு வரும், ஊறாமல் பிரஷர் வாஷரை நேராகப் பிடித்தால் மேல்மண் மட்டும் தெறித்து, பாதி இன்னும் உள்ளே மடிப்புக்குள் போய் இறுகிக்கொள்ளும். பிரஷர் வாஷர் வேண்டும் என்றால் ஓர் அடி தள்ளி, விசிறி முனையோடு. ஏபிஎஸ் சென்சார் ஒயர், பிரேக் ஹோஸ், ஆக்ஸில் பூட் (ஆக்ஸில் இணைப்பை மூடியிருக்கும் ரப்பர் உறை), பால் ஜாயின்ட் ரப்பர் இவற்றின் மேல் கிட்டே வைத்து அடிக்கவே கூடாது. அந்த ரப்பர் உறையின் விளிம்பு வழியே தண்ணீர் புகுந்தால் உள்ளே இருக்கும் கிரீஸ் கெட்டு, கழுவப் போய் ஜாயின்ட்டையே மாற்ற வேண்டி வரும்.

அப்புறம்தான் சோப்பு. பல்நோக்கு க்ளீனர் என்று விற்கும் காரத்தன்மையுள்ள திரவம் இதற்குச் சரியாக இருக்கிறது. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்தால் லைனருக்குப் போதுமானது, எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருந்தால் ஒன்றுக்கு நாலு. அடித்து மூன்று நிமிடம் விட்டு, காய்வதற்குள் பிரஷ் போட்டு, மேலிருந்து கீழாக அலச வேண்டும். பெயிண்ட் இல்லாத அலுமினியம் சஸ்பென்ஷன் பாகங்கள் இருந்தால் கவனம், கடுமையான காரம் அலுமினியத்தை வெளுத்துக் கறையாக்கிவிடும், முதலிலேயே நனைத்து வைத்துச் சீக்கிரம் கழுவிவிடுங்கள். ஆசிட் கலந்த வீல் க்ளீனர் பக்கமே போக வேண்டாம். பிரேக் தூசிக்கு விற்கிறார்களே, பட்டதும் ஊதா நிறமாக மாறும் திரவம், அது இரும்புத் துகளோடு வினைபுரிந்துதான் அப்படி மாறுகிறது, ரிம்முக்கு அருமை, ஆர்ச்சுக்குள் அடிப்பது வீண். நாற்றமும் தாங்காது. தார் புள்ளிகளுக்கு மட்டும் தார் ரிமூவரைத் துணியில் எடுத்துத் துடைத்தேன்.

பிரஷ்ஷுக்கு மட்டும் நல்லதாகப் பார்த்து வாங்குங்கள். நீளக் கைப்பிடி, தலை கொஞ்சம் வளைந்தது, நார் விறைப்பாகவும் இல்லாமல் தொளதொளவென்றும் இல்லாமல். நான் முதலில் வாங்கியதில் நாரைப் பிடித்திருந்த உலோக முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, ஆர்ச் விளிம்பில் இரண்டு கோடு போட்டுவிட்டது. அந்தக் கோடு துருவுக்கு வாசல்.

துணி போன்ற, ஃபெல்ட் மாதிரி லைனர் இருந்தால் முறையே வேறு. இரைச்சலைக் குறைப்பதற்காக அதை வைக்கிறார்கள், அது தண்ணீரையும் மண்ணையும் உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசி, பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டி, காயவிட்டால் போதும். பளபளப்புக்கு எதையும் அடிக்காதீர்கள், அப்படியே ஊறி, தூசியைப் பிடித்து, பசை மாதிரி ஆகிவிடும்.

அடுத்தது காயவிடுவது. இதற்கு முழுதாக ஒரு நாள் ஒதுக்கினேன். ப்ளோயரால் மடிப்புகளில் ஊதினால் மறுபக்கம் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும், அது நிற்கும்வரை விடக் கூடாது. ஈரத்தின் மேல் அடிக்கும் பூச்சு, ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுவதற்குச் சமம். என் பழைய கோட்டிங்கில் நடந்தது அதுதான். துரு இருந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்து, துரு கன்வெர்ட்டர் தடவினேன். டானிக் அமிலம் உள்ள வகை, துருவோடு சேர்ந்து கறுநீலமாக மாறும். அது மேலோட்டமான துருவுக்குத்தான். திருப்புளி குத்தினால் உள்ளே இறங்கும் அளவுக்கு அரித்திருந்தால் எந்தக் கேனும் காப்பாற்றாது, வெட்டி எடுத்துத் தகடு வைத்து வெல்டிங் செய்யும் டிங்கரிங் வேலைதான்.

இனி பொருள்கள். ரப்பர் கோட்டிங்கைப் பொறுத்தவரை, அடிப்பது சுலபம், சீக்கிரம் காய்கிறது, கல் அடிக்கும் சத்தம் நன்றாகவே குறைகிறது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது நடுப்பகுதி அப்படியே இருந்தது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விளிம்பில் மயிரிழை வெடிப்பு ஒன்று ஆரம்பித்திருக்கிறது. வயதாக ஆக இந்தப் பூச்சு இறுகும், இறுகினால் வெடிக்கும், வெடிப்பு வழியே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. அதைவிடப் பெரிய குறை, அடியில் என்ன நடக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. 5க்கு 2. அந்த இரண்டும் ஒழுங்காகச் சுத்தம் செய்து, பிரைமர் போட்டு அடித்தால் மட்டும்தான்.

மெழுகு. கேனை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு அடித்தால் இழைய இழைய வருகிறது, குளிர்ந்த கேன் கட்டி கட்டியாகத் துப்பும். தீக்கு அருகில் மட்டும் கொண்டுபோகாதீர்கள், உள்ளே இருப்பது எரியக்கூடிய கரைப்பான், நல்ல காற்றோட்டமும் வேண்டும். அடித்த மறுநாள் தொட்டால் விரல் ரேகை பதிகிற மாதிரி ஒரு மென்மை, அந்த மென்மைதான் இதன் பலம். சின்னக் கல் பட்டுக் கீறினால் கொஞ்ச நாளில் மெழுகு நகர்ந்து தானே மூடிக்கொள்கிறது. ஒளி ஊடுருவும் வகையாக வாங்கினேன், அதனால் அடியில் இருக்கும் பிரைமர் நிறம் தெரிகிறது, துரு வந்தாலும் தெரிந்துவிடும். இரண்டு வருடத்தில், டயருக்கு நேர் மேலே சேறு அடிக்கும் இடத்தில் மட்டும் மெலிந்திருந்தது, ஒரு வருடம் முடிந்ததும் அங்கே மட்டும் ஒரு தடவை மறுபடி அடித்தேன். குறை என்றால், கடும் வெயிலில் முதல் வாரம் ஓரங்களில் சொட்டியது, தரை கறையானது. 5க்கு 4.

லானோலின் என்பது செம்மறியாட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு, ஆடு மழையில் நனையாமல் இருக்க இயற்கை கொடுத்தது. இது காயவே காயாது. அதனால் மடிப்புக்குள், தகடுகள் சேரும் இடுக்குக்குள் ஊர்ந்து போகிறது, நீண்ட குழாய் முனை வைத்து சில்லுக்குள் அடித்தபோது அரைமணி நேரத்தில் மறுபக்க இணைப்பில் ஈரப்பளபளப்பு தெரிந்தது. ரப்பர் கோட்டிங் அங்கே போயிருக்காது. பின் வலது ஆர்ச்சின் உள்மடிப்பு இரண்டு வருடம் கழித்தும் புத்தம்புதிதாக இருக்கிறது, நகத்தால் சுரண்டினால் வழவழப்பு இன்னும் வருகிறது. ஆனால் திறந்த இடத்தில், டயர் நேராகத் தண்ணீர் வாரி அடிக்கும் பகுதியில், ஆறேழு மாதத்தில் கழுவிப் போய்விட்டது. தூசியும் ஒட்டும். முதல் சில நாள் ஆட்டுமந்தை வாசனை காரைச் சுற்றி இருக்கும், சிலருக்கு அது ஒத்துக்கொள்ளாது. சில வகைகள் ரப்பரை உப்பச் செய்யும் என்று லேபிளிலேயே எச்சரிக்கை இருக்கும், புஷ், பூட் போன்ற ரப்பர் பாகங்கள் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மடிப்புக்குள் 5க்கு 5, வெளியே 5க்கு 2.

எதை அடித்தாலும் பிரேக் டிஸ்க், கேலிப்பர், சைலன்ஸர் குழாய், ஷாக் அப்சார்பரின் பளபளக்கும் தண்டு, சென்சார், ஒயர் கனெக்டர், வடிகால் ஓட்டைகள் இவை எல்லாவற்றையும் பூச்சு படாமல் இருக்க முதலில் தற்காலிகமாக மூடிவிடுங்கள். டிஸ்க்குக்குப் பெரிய பாலித்தீன் பையைக் கவிழ்த்து டேப் போட்டால் போதும். டிஸ்க்கில் துளி மெழுகு பட்டாலும் பிரேக் க்ளீனரால் துடைக்காமல் வண்டியை நகர்த்தக் கூடாது. மின்சாரக் கார் என்றால் ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிள் இருக்கும் பக்கம் தண்ணீரும் வேண்டாம், ஸ்ப்ரேயும் வேண்டாம்.

லைனரை மாட்டியபின் அதன் மேல் கறுப்பாக்கும் டிரெஸ்ஸிங் அடிப்பது அழகுக்குத்தான். தண்ணீர் அடிப்படையிலானதை ஸ்பாஞ்சில் தொட்டுத் தடவினால் போதும். சிலிகான் எண்ணெய் வகையை ஸ்ப்ரே செய்தால் டயர் ஓடும் பரப்பிலும் டிஸ்க்கிலும் படும், வழுக்கும், அந்த விளையாட்டு வேண்டாம்.

சக்கரத்தை மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக இறுக்கி, தரையில் இறக்கியபின் டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து உங்கள் காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்க வேண்டும். பல கார்களில் அது 90 முதல் 140 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டியபின் மறுபடி ஒரு தடவை சரிபார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் நேரமில்லை, பட்டறையில் கொடுத்துவிடுகிறேன் என்பவர்களுக்கு: தாராளமாகக் கொடுங்கள், நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் லைனரைக் கழற்றுவீர்களா, கழுவியபின் எவ்வளவு நேரம் காயவிடுவீர்கள், வடிகால் ஓட்டையில் பூச்சு அடையாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று இந்த மூன்றையும் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஒரு மணி நேரத்தில் வண்டி ரெடி என்று சொன்னால் சாவியைக் கொடுக்காதீர்கள், ஒரு மணி நேரத்தில் ஓர் ஆர்ச் கூடக் காயாது. எனக்கு அடித்துக் கொடுத்தவர்கள் நாலையும் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்தார்கள். அப்போதே கேட்டிருக்க வேண்டும். கழுவியதும் பூச்சு அடிப்பதற்கு முன்னால் ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள், ஒழுங்காகச் செய்கிறவர் சந்தோஷமாக அனுப்புவார்.

ஒன்றும் அடிக்காத முன் வலது எப்படி இருக்கிறது என்று கேட்பீர்கள். நன்றாகவே இருக்கிறது. இரண்டு வருடத்தில் கல் பட்ட புள்ளிகள் ஏழெட்டு, அதில் இரண்டில் மட்டும் லேசான பழுப்பு. மாதாமாதம் மடிப்பில் விரலை விட்டு மண்ணை எடுத்ததற்குக் கிடைத்த பலன் அது, ரப்பர் போட்டு மூன்று வருடம் மறந்துவிட்ட பழைய முன் இடதைவிட ஆயிரம் மடங்கு தேவலை. அந்த இரண்டு புள்ளியையும் நேற்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்து பிரைமர் வைத்துவிட்டேன். இந்த வாரக் கடைசியில் அதன் மடிப்புக்குள் லானோலின், திறந்த பக்கம் முழுக்க மெழுகு. முன் இடதில் இருக்கும் ரப்பரை இப்போதைக்கு உரிக்கப் போவதில்லை, வெடித்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டு அங்கே மெழுகு வைக்கிறேன், ஆறு மாதம் கழித்து லைனரைக் கழற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.